ஆய்வகத்துக்கு ஒரு சட்டாம்பிள்ளை

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் லிப்ரே ஆபீஸ் கால்க், ஒன்பதாம் வகுப்பில் இம்ப்ரெஸ் என்று கணினி அலகுகள் வந்தபிறகு என்னைப் போன்ற அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்கு ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. இந்த வாரம் ஒளியியல் நடத்தினால் அடுத்த வாரம் வகுப்பைக் கணினி ஆய்வகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பலர் தயங்குகிறார்கள். காரணம் கேட்டால் "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாதுங்க" என்பார்கள். எனக்கென்னவோ காரணம் அதுவல்ல என்றே படுகிறது. ஓர் ஆசிரியர், முப்பத்தேழு பிள்ளைகள், பதினான்கு திரைகள். இந்தக் கணக்குத்தான் இடிக்கிறது.

விரித்துப் பாருங்கள். பாடவேளை 40 நிமிடம். வரிசையாக வந்து உட்கார 5 நிமிடம், கணினிகள் எல்லாம் ஆன் ஆகி வர 5 நிமிடம். மீதம் 30 நிமிடம். பதினான்கு கணினிக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம், சில நொடிகள். முதல் வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கூட்டல் சூத்திரம் ஏன் பிழை காட்டுகிறது என்று குனிந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையில் வால்பேப்பர் மாற்றும் திருவிழா நடந்துகொண்டிருக்கும். இன்னும் மோசமானது, ஒன்றுமே நடக்காமல் ஒரு குழந்தை வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. அது சத்தம் போடாது. நம் கண்ணுக்கும் படாது.

கணபதியில் எங்கள் பள்ளியைச் சுற்றி லேத் பட்டறைகளும், பம்பு, கிரைண்டர் உதிரிபாகங்கள் செய்கிற சிறு பட்டறைகளும்தான். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் அங்கேதான் வேலை செய்கிறார்கள். பட்டறை முதலாளி ஒவ்வொரு லேத்துக்கும் போய் நிற்பதில்லை. நடுவில் நின்றபடியே சத்தத்தை வைத்து எந்த மெஷின் சும்மா ஓடுகிறது, எதில் டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். கணினிக்குச் சத்தமில்லை. அதனால் நின்ற இடத்திலிருந்து எல்லாத் திரைகளையும் பார்க்க வேறு வழி வேண்டும். அந்த வழிக்குத்தான் ஆய்வக மேலாண்மை மென்பொருள் என்று பெயர்.

நாங்கள் பயன்படுத்துவது எபோப்டிஸ். கிரேக்க மொழியில் மேற்பார்வையாளர் என்று பொருள். கிரேக்க நாட்டுப் பள்ளி ஆய்வகங்களுக்காக அல்கிஸ் ஜார்ஜோபுலோஸ், ஃபோட்டிஸ் சாமிஸ் ஆகிய இருவரும் முதன்மையாக எழுதியது. லினக்ஸ் இயங்குதளத்துக்கானது. கட்டுற்ற மென்பொருள் என்பதால் விலையில்லை, உரிமம் புதுப்பிக்கும் வேலையில்லை, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஆசிரியர் கணினியில் அதைத் திறந்தால் எல்லா மாணவர் திரைகளும் சிறுசிறு படங்களாகக் கட்டம் கட்டி வரும். சில நொடிகளுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒரு படத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டால் அந்தத் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இங்கிருந்தே அந்த மவுஸை நகர்த்தி உதவலாம், செய்தி அனுப்பலாம், திரையைப் பூட்டலாம், ஒலியை நிறுத்தலாம், கணினியை அணைக்கலாம். நம் திரையை எல்லாருக்கும் ஒளிபரப்பவும் செய்யலாம். புரொஜெக்டர் பழுதான நாட்களில் இந்தக் கடைசி வசதியே எங்களுக்குப் பெரிய உதவி.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியாரின் கண்ணாகவும் கையாகவும் இருந்து மற்றப் பிள்ளைகளை மேய்ப்பவன். சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே செய்துபார்த்து 1797 இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் விழுந்தது. அந்த முறையில் வந்த சட்டாம்பிள்ளைகளை ஆங்கிலத்தில் மானிட்டர் என்பார்கள். இன்று அதே சொல் கணினித் திரைக்கும் வழங்குகிறது என்பது ஒரு வேடிக்கை. எபோப்டிஸை எங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியபோது சட்டாம்பிள்ளை என்றேதான் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

ஏன் லினக்ஸ் என்று சிலர் கேட்கலாம். இது நமக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பு 2007 இல் வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. பள்ளிகளுக்கென்றே எடுபாஸ் என்ற பதிப்பும் உண்டு. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு பாடமாகவே இருக்கிறது. வாளையாறைத் தாண்டினால் கேரளத்துப் பள்ளிகளில் உபுண்டுவை ஒட்டி அமைத்த இயங்குதளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆய்வகத்தில் உள்ளவை உள்ளூர் நிறுவனம் ஒன்று தன் அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த பழைய கணினிகள். 4 ஜி.பி. நினைவகம். அவற்றில் எடை குறைந்த லினக்ஸ் சுணங்காமல் ஓடுகிறது.

உங்கள் பள்ளியில் அரசு அமைத்துக் கொடுத்த உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால், அதைப் பராமரிக்கும் பொறுப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் நிறுவ வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஒரு மேலாண்மை ஏற்பாடு இருக்கக்கூடும். ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் ஆகாது. விண்டோஸ் கணினிகள் மட்டுமே உள்ள இடத்தில் வேயான் என்ற கட்டற்ற மென்பொருளைப் பார்க்கலாம். முன்பு ஐடால்க் என்ற பெயரில் வந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். நான் இங்கே சொல்வது பள்ளிக்கே சொந்தமான, தலைமையாசிரியரின் அனுமதியோடு நாமே பார்த்துக்கொள்ளும் கணினிகளைப் பற்றி.

இனி இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்: கட்டுவது, நிறுவுவது. இணையத்தில் வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். அரிசியும் உளுந்தும் மூலநிரல். கிரைண்டரில் போட்டு ஆட்டி எடுக்கும் மாவு, கணினி ஏற்றுக்கொள்ளும் பொதி. மாவைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றுவது நிறுவுதல். பெரும்பாலான நேரங்களில் நமக்குப் பாக்கெட் மாவே போதும். டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் எபோப்டிஸ் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. மென்பொருள் மையத்தில் தேடி நிறுவிவிடலாம். ஆனால் பாக்கெட் மாவில் உப்புக் கூடிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. அரிசி கையில் இருந்தால் ஊறவைப்பதிலிருந்தே நம் விருப்பம். எங்களுக்கு ஆட்டவேண்டிய தேவை ஏன் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நிறுவுதல்.

ஆசிரியர் கணினிக்கு ஒரு பொதி, மாணவர் கணினிக்கு ஒரு பொதி. ஆசிரியர் பொதியின் பெயர் எபோப்டிஸ், மாணவர் பொதியின் பெயர் எபோப்டிஸ்-கிளையண்ட். ஆசிரியர் கணினியில் நிறுவியதும் எபோப்டிஸ் என்ற பெயரிலேயே ஒரு பயனர் குழு உருவாகும். எந்தக் கணக்கில் நுழைந்து வகுப்பை நடத்தப்போகிறீர்களோ அந்தக் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். இதைச் செய்யாதவரை மென்பொருள் திறக்காது. அடுத்து, ஆசிரியர் கணினிக்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றைக் கொடுங்கள். தினம் ஒரு வீடு மாறுகிறவருக்குத் தபால் போய்ச் சேராது.

இந்த மென்பொருளில் ஆசிரியர் கணினி போய் மாணவர் கணினிகளைத் தேடுவதில்லை. மாணவர் கணினிகள்தான் ஆன் ஆனதும் ஆசிரியர் கணினியைத் தேடி வருகின்றன. வருகைப்பதிவின்போது "உள்ளேன் ஐயா" சொல்வது போல. ஆகவே யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாணவர் கணினிக்கும் தெரிவிக்க வேண்டும். இயங்குதளத்தின் எட்சி என்ற கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற உள்கோப்புறை, அதில் எபோப்டிஸ்-கிளையண்ட் என்ற சிறு எழுத்துக் கோப்பு. அதைத் திறந்து சர்வர் என்ற வரியில் ஆசிரியர் கணினியின் முகவரியை எழுதிச் சேமித்தால் போதும். தட்டிக் கேட்கும் கதவு எண் 789. ஆசிரியர் கணினியில் தீச்சுவர் இயங்கினால் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்.

கடைசிப் படி சான்றிதழ். நம் கருவூலத்தில் சம்பளம் வழங்கும் அலுவலரின் மாதிரிக் கையொப்பம் இருக்கும் அல்லவா? பட்டியல் வரும்போதெல்லாம் அதோடு ஒத்துப்பார்த்துத்தான் பணம் விடுவிப்பார்கள். அதே ஏற்பாடுதான் இதுவும். எபோப்டிஸ்-கிளையண்ட் கட்டளையோடு சி என்ற ஒற்றை எழுத்துத் தெரிவைச் சேர்த்து முனையத்தில் ஓட்டினால், மாணவர் கணினி ஆசிரியர் கணினியின் சான்றிதழை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நாளை வேறு யாராவது அதே முகவரியைத் தன் மடிக்கணினிக்கு வைத்துக்கொண்டு ஆய்வகத்தைக் கட்டுப்படுத்த முயன்றால் கையொப்பம் ஒத்துப்போகாது, கணினி மறுத்துவிடும். அதனால் சான்றிதழ் வாங்கும் வேலையைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஆய்வகத்து ஸ்விட்ச்சில் வெளிக் கணினி எதுவும் இல்லாதபோது செய்வது நல்லது. கணினிகளை ஒருமுறை அணைத்து ஆன் செய்தால் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். சும்மா சொல்லக் கூடாது, அதைப் பார்க்க ஒரு மகிழ்ச்சி.

கட்டங்கள் வந்தும் படங்கள் கறுப்பாகத் தெரிந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம். எபோப்டிஸ் எக்ஸ்11 என்ற காட்சி முறையை நம்பி எழுதப்பட்டது. புதிய இயங்குதளங்கள் பல வேலண்ட் என்ற முறைக்கு மாறிவிட்டன. அந்த முறையில் ஒரு நிரல் மற்றொன்றின் திரையை எளிதில் எட்டிப்பார்க்க முடியாது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான், நமக்கு இடைஞ்சல். எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற எடை குறைந்த மேசைத்தளங்களை எக்ஸ்11 முறையில் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கணினிகளுக்கு அவையே தோதானவையும்கூட.

கணினிகளுக்குப் பெயர் வைப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். கட்டத்தில் பெயர்தான் தெரியும் என்பதால் இது முக்கியம். நொய்யல், பவானி, அமராவதி, சிறுவாணி, ஆழியாறு, கௌசிகா என்று ஆறுகளின் பெயர்களாக வைத்தார்கள். இப்போது "டீச்சர், நொய்யல் ஆன் ஆக மாட்டேங்குதுங்க" என்று குரல் வரும்போது வேறொரு வருத்தமும் கலந்து கேட்கிறது.

இனி, ஏன் ஆட்டவேண்டி வந்தது. திரையைப் பூட்டு என்ற வசதியை அழுத்தினால் பிள்ளைகள் பார்க்கும் திரையில் நிர்வாகி பூட்டிவிட்டார் என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி தோன்றும். முதல்முறை அதைக் கண்டதும் பலர் மவுஸிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்துவிட்டார்கள். "டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்று ஒரு பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ கெட்டுவிட்டது, பழி தன் மேல் விழும் என்ற பயம். முதல் தலைமுறையாகக் கணினியைத் தொடும் பிள்ளைகளிடம் இந்தப் பயம் எப்போதும் மேலோட்டமாகவே இருக்கிறது. லேசாகக் கீறினால் வெளியே வந்துவிடும். அந்த ஒரு வரியை மாற்றினால் போதும் என்று தோன்றியது.

மூலநிரலைத் தரவிறக்கினால் பிஓ என்ற கோப்புறை இருக்கும். மென்பொருள் திரையில் காட்டும் வாக்கியங்களுக்கான மொழிபெயர்ப்புகள் அதில் மொழிக்கு ஒரு கோப்பாக இருக்கின்றன. மேலே ஆங்கிலம், கீழே அந்தந்த மொழி. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. போஎடிட் என்ற இலவசக் கருவியில் திறந்து தமிழை நிரப்பினால் ஆயிற்று. பூட்டிய திரைக்கான வரியை "டீச்சர் பேசுகிறார், ஒரு நிமிடம் இங்கே பாருங்கள்" என்று எழுதினேன். பிறகு கட்டுதல். சி மொழியில் எழுதிய மென்பொருள் என்றால் கட்டும்போது நிரல் முழுவதும் இயந்திர மொழிக்கு மாற வேண்டும், நேரம் பிடிக்கும். எபோப்டிஸ் பைத்தானில் எழுதியது. மொழிபெயர்ப்புகளைக் கணினி படிக்கும் வடிவத்துக்கு மாற்றி, கோப்புகளை உரிய இடங்களுக்கு அடுக்கி, பொதியாக மூட்டை கட்டுவதுதான் வேலை. டெபியன் குடும்பத்தில் இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. கட்டுவதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் ஒரே கட்டளையில் அவையே கொண்டுவந்துவிடும். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பொதிகள் ஆயத்தம். பென்டிரைவில் எடுத்துப்போய் ஒவ்வொரு கணினியிலும் நிறுவலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தமிழ் வரி தெரிய வேண்டுமானால் மொழி அமைப்பு தமிழாக இருக்க வேண்டும். மற்றொன்று, களஞ்சியத்தில் புதிய பதிப்பு வந்தால் வழக்கமான மேம்படுத்தலின்போது நாம் ஆட்டிய மாவைக் கொட்டிவிட்டுப் பாக்கெட் மாவை ஊற்றிவிடும். அதைத் தடுக்க நம் பொதியை நிறுத்திவை என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது நாமே புதிய மூலநிரலை எடுத்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும் என்பது அதற்கான விலை. ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில் என்று வைத்துக்கொண்டால் சுமையாகத் தெரியாது.

வகுப்பறையில் இதனால் என்ன மாறியது? வால்பேப்பர் திருவிழா முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. அதை நான் பெரிதாக எண்ணவில்லை. வெற்றுத் திரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள், அதுதான் பெரிது. எழுந்துபோய் நிற்காமல், பக்கத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியாமல், இங்கிருந்தே சுட்டியை நகர்த்தி அடுத்த படியைக் காட்டிவிட முடிகிறது. எல்லார் முன்னாலும் "உனக்கு இன்னுமா வரல?" என்ற கேள்வியைச் சந்திக்காமல் ஒரு குழந்தை தப்பிக்கிறது.

ஆனால் இந்தச் சட்டாம்பிள்ளைக்குத் திரைதான் தெரியும், பிள்ளை தெரியாது. ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்காரும் இடத்தில் இது பெரிய குறை. கட்டத்தில் பவானி மளமளவென்று வேலை செய்வது போல் தெரியும். பார்த்தால் மவுஸ் ஒருவர் கையிலேயே இருக்கும். மற்ற இருவரும் வேடிக்கை. எங்கள் வகுப்பில் மவுஸை வைத்திருந்தவர் பெரும்பாலும் வீட்டில் கணினியோ நல்ல செல்போனோ உள்ள பிள்ளை. அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாத் திரைகளையும் பூட்டிவிடுவேன். "டீச்சர் பேசுகிறார்" என்ற வரி வந்ததும் இடம் மாறி உட்கார வேண்டும், மவுஸ் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். பூட்டுக்கு நாங்கள் கண்ட முதன்மையான பயன் இதுதான்.

எல்லாத் திரையையும் பார்க்கும் கண்ணுக்கு ஓர் அடக்கமும் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க என்று மேலாண்மை மென்பொருளையும் போட்டுவைத்தது. அது வீட்டில் இருந்த மாணவர்களைக்கூடக் கேமராவில் படம் எடுத்திருந்தது 2010 பிப்ரவரியில் வழக்காக வெடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து மாவட்டம் சமரசம் செய்துகொண்டது. கருவியைப் பற்றிப் பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ சொல்லாமல் விட்டதுதான் அங்கே முக்கியக் குற்றச்சாட்டு. நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று வகுத்து, அவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதை 9 ஆம் பிரிவில் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு என்றாலும் அது கற்பித்தல், பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற எல்லைக்குள்தான்.

முதல் நாளே ஒவ்வொரு மானிட்டரின் ஓரத்திலும் "இந்தத் திரை டீச்சருக்கும் தெரியும்" என்று சீட்டு ஒட்டினோம். என் திரையில் அவர்களின் கட்டங்கள் எப்படித் தெரிகின்றன என்று வரிசையாக வரச்சொல்லிக் காட்டினேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் சொன்னோம். எபோப்டிஸ் வெறுமனே காட்டும், படங்களைச் சேமித்து வைப்பது அதன் வேலையல்ல. ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் எந்தக் கட்டளையையும் அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. கூடவே, யாரும் உள்நுழையாதபோதும் கணினியை அணைக்கும் அளவுக்கு அதிகாரத்தோடு அது ஓடுகிறது. அப்படியானால் ஆசிரியர் கணினியின் கடவுச்சொல் என்பது ஆய்வகத்தின் கொத்துச் சாவி. பிள்ளைகளிடம் கொடுத்து "போய் ஆன் பண்ணி வைப்பா" என்று சொல்வதற்கானதல்ல. இருக்கையை விட்டு எழும்போது திரையைப் பூட்டிவிட்டே எழுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னும் சில வரிகள் மிச்சம் இருக்கின்றன. கணினியை நிறுத்துவதற்கு "அணை" என்று எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோ "லைட்டை அமத்துன்னுதானங்க சொல்லுவோம், இதையும் அமத்துன்னே போடுங்க" என்கிறார்கள். நான் அகராதியைப் பார்த்து "அமர்த்து" என்று எழுத, எழுத்தைக் கூட்டிவிட்டதாகப் புகார். இப்போதைக்கு எங்கள் ஆய்வகத்தில் அது "அமத்து".